எடைக்கு ஒரு இரும்புத் தகடு

ஊரார் போன்களையெல்லாம் பிழைக்கவைக்கிற ரிப்பேர்காரர், ஞாயிற்றுக்கிழமை மதியம் சொந்த மகளின் போன் மேல் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். உடம்பு அப்படி, உட்கார்ந்தால் சோபாவே முனகும். ஆனால் அன்று முனகியது சோபா அல்ல. அடியில் ஏதோ ஒன்று வலியில் மூச்சை இழுத்தது. எழுந்து பார்த்தார். போன் இரண்டாகப் பிளந்து கிடந்தது. தொட்டால் சூடு. வெகுநேரம் காதில் வைத்துப் பேசிய போனின் சூடு.

அது சுட்டிருக்கவே கூடாது. ஏனென்றால் அது போனே இல்லை.

ஆறு மாதம் முன்பு, "கிளாஸ்ல எல்லார்கிட்டயும் இருக்குப்பா, என்னை மட்டும் சேத்துக்க மாட்டேங்கிறாங்க" என்று மகள் குட்டி அழுதாள். ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவி, "பத்து வயசுக்கு போன் வேணாம். ஆனா ஏன் வேணாம்னு நீங்க உக்காந்து பேசிப் புரியவைங்க. அப்பன்தானே?" என்றாள். உட்காருவதில் அவருக்குச் சிரமமில்லை, பேசுவதுதான் வராது. அதனால் தெரிந்த ஷோரூமிலிருந்து ஒரு டம்மி பீஸை வாங்கி வந்தார். திரை இருக்க வேண்டிய இடத்தில் ஒட்டிய படம். உள்ளே எடைக்கு ஒரு இரும்புத் தகடு. "சும்மா காதுல வெச்சுக்க. யாராவது கேட்டா சார்ஜ் இல்லன்னு சொல்லிடு." தன் மூளையை மெச்சி இரண்டு நாள் தானே சிரித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் வகுப்பில் குட்டு உடைந்தது. குட்டி, வீட்டு முன்னறைக் கடையில் அவர் மேஜையருகே வந்து நின்றாள்.

"டப்பான்னு கூப்பிடுறாங்கப்பா."

"ம்ம்."

"யாரும் பக்கத்துல உக்கார மாட்டேங்கிறாங்க."

"ம்ம்."

அவர் கண் லென்ஸில் இருந்தது, கை ஈயம் பற்றவைக்கிற சாலிடரில் இருந்தது. புகை கலைந்து நிமிர்ந்தபோது அவள் அங்கே இல்லை.

அதன் பிறகு அவள் மேஜைக்கு வரவேயில்லை. அறைக்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் வரும். கிசுகிசுப்பு, சிரிப்பு, நடுவில் மௌனம். மறுமுனையில் ஒருவர் பேசி முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ, அவ்வளவு மௌனம். விளையாட்டு என்று நினைத்தார். நினைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லையே.

இப்போது குட்டி வாசலில் நின்றாள். கத்தவில்லை. அருகில் வந்து ஒரு பாதியை எடுத்துக் காதில் வைத்தாள்.

"ரொம்ப வலிச்சுதா?"

மௌனம். தலையாட்டினாள்.

"யாருகிட்டம்மா பேசுற?"

"யாருமில்ல."

எப்போதும் வரும் பதில். அசட்டுத்தனம்தான், பதினெட்டு வருஷமாகப் போன்களைப் பிரித்துப் பார்த்தவர். ஒயர் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. என்றாலும் இன்னொரு பாதியைத் தன் காதில் வைத்தார்.

சூடு போய், இரும்பின் குளிர்ச்சி.

சாலிடர் புகையின் வாசனை.

மூச்சு.

"ஹலோ... ஒன்னு, ரெண்டு, மூனு..."

மைக் வேலை செய்கிறதா என்று தினமும் அவர் சோதித்துப் பார்க்கிற வார்த்தைகள். அவருடைய குரல்.

"சொல்லு கண்ணு. இந்த வாரம் யாராச்சும் டப்பான்னாங்களா? முதல்லேர்ந்து சொல்லு. எனக்கு வேற வேலையே இல்ல."

அவருடைய குரல்தான். ஆனால் இத்தனை கனிவு அதில் இருந்தது அவருக்கே தெரியாது.

"குட்டி. இது யாரு?"

அவள் மெல்ல அவர் கையிலிருந்த பாதியையும் வாங்கிக்கொண்டாள். இரண்டையும் பொருத்தினாள். கீறல்கூட இல்லாமல் மூடிக்கொண்டது.

"எங்கப்பா."

"அப்ப... நான்?"

ஆறு மாதத்தில் முதல் முறையாக அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். கோபமில்லை. வழி தெரியாமல் வந்தவரிடம் காட்டுகிற மரியாதை.

"நீங்க ரிப்பேர்க் கடை அங்கிள்."

அவள் அறைக்குள் போனதும் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே இரண்டு பேர் சிரித்தார்கள். ஒன்று அவருடைய சிரிப்பு.

கூப்பிட வாயைத் திறந்தார். நாக்கு தகடாய்க் கிடந்தது. குளிர்ந்து, கனத்து.

"ம்ம்," என்றது வாய். "ம்ம்."