பிரேமினியின் செக்ரோல் நம்பர்

வீட்டுக்குக் கிளம்புமுன் தேயிலைத் தொழிற்சாலை வாசலில் இருந்த வருகைப்பதிவுக் கருவியில் விரலை வைத்தாள் பிரேமினி. சிவப்பு எழுத்து மினுங்கியது: ஏற்கனவே வெளியேறியவர்.

"வீரய்யாண்ணே, இதக் கொஞ்சம் பாருங்களேன்!"

காவலாளி வீரய்யா அவளைப் பார்த்தார்; பிறகு பாதையைப் பார்த்தார். "மகளுக்குக் கடையில பணிஸ் வாங்கணும்னு இப்பத்தானே புள்ள ஓடுன? எந்தப் பக்கமா திரும்பி வந்த?"

சிரிக்கப் பார்த்தாள். கொத்மலை மூடுபனியில் அந்த மனிதருக்குத் தம் மீசையே பாதிதான் தெரியும். மீதியைத் தடவித்தான் கண்டுபிடிப்பார்.

ஆனாலும் காலையில் செய்த குறும்பு நெஞ்சில் இடறியது. கொழுந்து நிறுக்கும் புதுக் கணினிக்கு அவள்தான் அடையாள எண் கொடுத்தாள். மற்ற இயந்திரங்கள் அதை அறிவது அந்த எண்ணால்தான். வலையிணைப்புக்கான சாக்கெட் நிரலில் செட்ஹோஸ்ட்ஐடி என்ற ஃபங்ஷனுக்குள் ஏதாவது ஓர் எண்ணை இட வேண்டும். சம்பளப் பதிவேட்டிலும் வாசல் கருவியிலும் தன்னைக் குறிக்கும் செக்ரோல் நம்பரையே இட்டாள். "எனக்குப் பதிலா நீ வேல செய்டி, சம்பளத்த நான் வாங்கிக்கிறேன்" என்று அதன் தலையில் செல்லமாய்த் தட்டியும் வைத்தாள்.

அந்த எண்ணை மாற்றிவிட்டால் போச்சு. உள்ளே ஓடினாள். மாடியில் கொழுந்து வாட்டும் விசிறிகள் பத்து யானைகள் ஒன்றாய்க் குறட்டை விடுவதுபோல் இரைந்துகொண்டிருக்க, பச்சைக் கொழுந்தின் ஈர வாசத்துக்குள்ளே, கருகிய வயர் நாற்றத்துக்கும் அடியில், கணினிப் பெட்டியிலிருந்து மெல்லக் கசிந்துவந்தது அவள் தலைக்குத் தேய்க்கும் செவ்வரத்தம்பூ எண்ணெயின் மணம்.

வேறு எண்ணைத் தட்டினாள். அனுமதி இல்லை.

நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கொடுத்தாள். அதுவரை அமைதியாய் இருந்த திரை வேகமாய் எழுதியது: ஒரே எண்ணில் இருவர். பழையது நீக்கப்படுகிறது.

பழையது.

நிலக்ஷி! நான்கு வயது மகள் வீட்டில் தனியே.

வாசலில் வீரய்யாவைக் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. தோளைத் தொட்டாள். குளிர்காற்றுக்குச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

ஓடினாள். செருப்புச் சத்தம் கேட்கவில்லை. எந்நேரமும் குரைக்கும் தொழிலாளர் லயத்து நாயும் குரைக்கவில்லை.

ஜன்னலுக்குள் விளக்கெரிந்தது. நிலக்ஷி பணிஸைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் முதுகுப் பக்கமிருந்து இரண்டு கைகள் தலை பின்னிக்கொண்டிருந்தன. நிதானமாக. ஒரே சீராக. தொழிற்சாலை விசிறியின் அதே இரைச்சலோடு.

"அம்மா, ஜன்னல்ல யாரு?"

"யாருமில்ல கண்ணு." பிரேமினியின் குரல்தான்.

பிரேமினி ஜன்னல் கண்ணாடியில் மூச்சு விட்டாள். ஆவி படியவில்லை. விரலை அழுத்தினாள்.

உள்பக்கத்திலிருந்து, அதே இடத்தில், அவளுடைய ரேகையே மெல்லப் படிந்தது.

அந்த ரேகையை ஏற்றுக்கொண்டதுபோல், கண்ணாடிக்குள் பச்சை விளக்கு மினுங்கியது.