மினுக்கிக்காகப் பரப்பிய சாம்பல்

பிரசவம் முடிந்து பதினெட்டாம் நாள், எஸ்டேட் ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு சந்தனமேரி லயத்துக்குத் திரும்பினாள். பெருவெள்ளம் தேவிகுளத்து மலையை அரித்துப்போன நாலாம் வருஷம் அது. மத்தியானமே மூடுபனி இறங்கியிருந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாய்ப் பத்து வீடுகள். நாலாவது வீடு அவளுடையது.

வாசலில் பூனையைக் காணவில்லை.

"மினுக்கி எங்கக்கா?" என்று பக்கத்து வீட்டு முத்துப்பேச்சியைக் கேட்டாள்.

"அதக் கண்டு பத்து நாளாச்சு. உன் புருஷன் பாக்டரியில தேயிலையோட தேயிலையா வேகுறான், பூனைய எங்கன பாப்பான்? மொதல்ல பிள்ளையக் காட்டுட்டி. ஆத்தி, செபாஸ்டினோட மூக்கே மூக்கு!"

மேரி சிரித்தாள். ஆனால் கண் கூரையையே பார்த்தது. தகரத்துக்கும் உத்திரத்துக்கும் நடுவே எலிகள் ஓடிக்கொண்டிருந்தன. பூனை இல்லாத பத்து நாளில் அவை வீட்டையே பிடித்துக்கொண்டன. போன மழைக்காலத்தில் இரண்டாவது வீட்டுச் சின்னத்தாயின் கைக்குழந்தையை எலி கடித்து, கடிவாய் சீழ்வைத்து, அது செத்தே போனது. மினுக்கி வந்தாக வேண்டும்.

"கடைசி வீட்டு மொக்கையண்ணன் மடியில படுத்திருக்குமோ?"

முத்துப்பேச்சி குரலைத் தாழ்த்தினாள். "அவன் இல்லட்டி. நீ ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளே காணோம். போடிப் பக்கமா மலையிறங்கி ஓடிட்டான்னு கங்காணி சொல்லுதாரு."

மொக்கையன் கவ்வாத்து வெட்டுகிறவன். தேயிலைச் செடியைக் கத்தியால் அரிந்து கழிக்கிற வேலை. நாதியில்லாத ஆள். ஒருநாள் கத்தி தவறி இடது காலில் இரண்டு விரல் போய்விட்டது. மேரி தினமும் சாயங்காலம் அவனுக்கு ஒரு செம்பு கஞ்சி கொடுப்பாள். அவன் பாதியைக் குடித்து மீதியைப் பூனைக்கு ஊற்றுவான். நிறைமாதத்தில் அவள் கொழுந்துக் கூடையோடு வழுக்கி விழுந்தபோது, குருசாமிக் கங்காணி பிரம்பை ஓங்கினார். குறுக்கே வந்து அந்த அடியை முதுகில் வாங்கியவன் மொக்கையன். "புள்ளத்தாச்சிங்கய்யா" என்றான். அவ்வளவுதான் பேசினான்.

அன்று மாலை மேரி, காணாமல் போன பூனையைத் தேட அவள் அம்மா செய்ததையே செய்தாள். பூனை வீட்டைச் சுற்றித்தான் கிடக்கும், பயத்தில் குரல் கொடுக்காது, வந்த தடம் தெரிந்தால் போன தடம் தெரியும் என்பாள் அம்மா. அடுப்புச் சாம்பலைச் சலித்து வாசற்படி முழுக்க மாவுபோல் பரப்பினாள். நடுவில் ஒரு துண்டுக் கருவாடு வைத்தாள்.

விடிந்ததும் கதவைத் திறந்தாள்.

சாம்பலில் பூனையின் பாதங்கள் பூப்பூவாய்ப் பதிந்திருந்தன. படிவரை வந்து திரும்பிப் போயிருந்தது. கருவாட்டைத் தொடவில்லை.

பூனைத்தடத்தின் பக்கத்திலேயே ஒரு மனிதனின் பாதம்.

இடது பாதத்தில் மூன்றே விரல்.

முத்துப்பேச்சி பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள். "ஏளா, என்ன காரியம் செஞ்ச? செத்தவுக வந்தாகளான்னு பாக்கத்தான எங்க ஆளுக சாம்பல் பரப்புவாக! கருமாதி ராத்திரி ஒருநா. அதுவும் பேர் சொல்லி விளக்கேத்தி. உசுரோட இருக்க பூனைக்கா பரப்புவாக?"

"எங்கம்மா பூனைக்குத்தான்க்கா பரப்புவா."

"மொக்கையனுக்கு யாரும் கருமாதி வைக்கல. ஓடிட்டான்னுதான நெனச்சோம். நீ கூப்பிட்டுட்ட."

அந்த நேரம் பார்த்து கங்காணி வந்தார். படியைப் பார்த்தார். முகத்தில் ரத்தம் சுண்டிப்போயிற்று. பூட்ஸ் காலால் சாம்பலை அவசரமாய்க் கலைத்தார்.

"என்னட்டி இது சாமியாட்டம்? பூனையத் தேடுறேன்னு எவளாச்சும் ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டுப் பக்கம் போனீங்க, தோலை உரிச்சிருவேன்."

ஏழாம் நம்பரைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

அன்று இரவு மேரி அசந்த ஒரு நிமிஷத்தில் எலி குழந்தையின் குதிகாலைக் கடித்தது. ஒரு பொட்டு ரத்தம்தான். ஆனால் குழந்தை அழுத அழுகையில் அவளுக்கு மிச்சமிருந்த பயம் போய்விட்டது.

மறுநாள் பிற்பகல், குழந்தையை முத்துப்பேச்சியிடம் விட்டாள். "நாலு மணிச் சங்குக்கு நான் வரலன்னா, பாக்டரியில போய் அவுகளக் கூப்பிடுக்கா." சிரட்டையில் கங்கு வைத்து, அதன்மேல் கருவாட்டைச் சுட்டபடி, ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

ஏழாம் நம்பரில் கவ்வாத்து முடிந்திருந்தது. இலையில்லாத செடிகள் பனிக்குள் வெட்டுப்பட்ட கைகளாய் நின்றன. காற்றில்லை. பறவை இல்லை.

"மினுக்கி... மினுக்கி..."

கருவாட்டு வாசனையை மீறி வேறொரு நாற்றம் வந்தது. இனிப்பான நாற்றம்.

எங்கோ கீழே, மெல்லிசாக, "மியாவ்."

மழைத்தண்ணீர் வடிய வெட்டிய கானுக்குள் மிலாறு குவிந்து கிடந்தது. கவ்வாத்தில் வெட்டி விழுந்த அந்தக் குச்சிகளை லயத்துப் பெண்கள் விறகுக்குக் கட்டிப் போவார்கள்; இந்தக் குவியலை மட்டும் யாரும் தொட்டிருக்கவில்லை. அதன்மேல் மினுக்கி. எலும்பும் தோலுமாய், ஒரு பின்னங்கால் வீங்கி, காவல்போல் உட்கார்ந்திருந்தது.

மேரி அதைத் தூக்கக் குனிந்தாள்.

குச்சிகளுக்கு நடுவே ஒரு பாதம் தெரிந்தது.

மூன்று விரல்.

"சொன்னேன்ல?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கங்காணியின் கையில் கவ்வாத்துக் கத்தி இருந்தது. முதல் வெட்டை அவள் முழங்கையில் வாங்கினாள். சதை பிளந்து, சிரட்டை பறந்து, கங்கு ஈரப் புல்லில் சீறியது. அவள் கானுக்குள் சரிந்தாள். அவர் மயிரைப் பிடித்துத் தலையைப் பின்னுக்கு இழுத்தார்.

"அன்னைக்குக் குறுக்க வந்தானே, அவனும் இப்படித்தான் முழிச்சான்."

கத்தி உயர்ந்தது. மிலாறு அசைந்தது.

கறுத்துப்போன ஒரு கை குச்சிகளைப் பிளந்து வந்து கங்காணியின் கணுக்காலைப் பிடித்தது. பச்சைக் கொம்பு முறிகிற சத்தம். எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. அவர் அலறியபடி விழுந்தார். கை அவரைக் குவியலுக்குள் இழுத்தது. சீவின குச்சிகள் ஒவ்வொன்றாய்த் தொடையிலும் வயிற்றிலும் ஏறின.

"மேரி! காப்பாத்தும்மா! மேரி!"

அவளைக் கொல்ல வந்தவன்தான். ஆனாலும் கூப்பிடுகிற குரல் மனிதக் குரல். அவளால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"மொக்கையண்ணே," என்றாள் கிசுகிசுப்பாய். "போதும்ணே. விட்டுருண்ணே."

எல்லாம் நின்றது.

கறுத்த கை மெல்லத் திறந்தது.

அந்த ஒரு கணம் கங்காணிக்குக் கிடைத்த தயவு. அவர் அதைக் கும்பிடவில்லை. மண்ணில் துழாவிக் கத்தியை எடுத்தார். கண்ட சாட்சியை விடக்கூடாதென்று, ஊர்ந்தபடியே மேரியின் கழுத்தைக் குறிவைத்து வீசினார்.

கத்தி அவளை எட்டவில்லை.

இந்தமுறை இரண்டு கைகள் வந்தன. ஒன்று தாடையைப் பிடித்தது. ஒன்று பிடரியைப் பிடித்தது.

மேரி பூனையை இழுத்தணைத்து அதன் முகத்தை மாராப்பில் மறைத்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

சங்கு ஊதியபின் தேடிவந்த செபாஸ்டினும் ஆட்களும் கானில் இரண்டு உடல்களைக் கண்டார்கள். மொக்கையன் மண்டை பின்பக்கம் பிளந்து, மூன்று வாரத்துப் பிணமாய், கைகளை மார்பில் மடக்கிக் கிடந்தான். கங்காணியின் முகம் முதுகுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. சிறுத்தை அடித்தது என்று எஸ்டேட் துரை எழுதிக்கொண்டார்.

மொக்கையனை முறையாய் அடக்கினார்கள். முத்துப்பேச்சி பேர் சொல்லி விளக்கேற்றினாள். மேரி காயக் கட்டோடு முழங்காலிட்டு ஜெபம் சொன்னாள். அண்ணன் நிம்மதியாய்ப் போயிருப்பார் என்று நம்பினாள்.

எட்டாம் நாள், விளக்கு வைக்கிற நேரம். கூரையில் எலிச் சத்தமே இல்லை. மினுக்கி அடுப்போரம் படுத்திருந்தது. நொண்டிக் காலோடு அதனால் இன்னும் எலியைத் துரத்த முடியாது. மேரி அதைப் பார்த்துக்கொண்டே குழந்தையைத் தொட்டிலில் போட்டாள்.

பூனை தலையை உயர்த்திக் கண் சொக்கியது.

அதன் முதுகு மயிர், தலையிலிருந்து வால்வரை, மெல்லப் படிந்தது.

மறுபடியும் படிந்தது.

யாரும் இல்லை.

பிறகு பூனையின் மயிர் படிவது நின்றது. தொட்டில் துணியில், குழந்தையின் தலைக்கு நேரே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழிவு விழுந்தது.

குழந்தை தூக்கத்தில் சிரித்தது.