முன்னால் போனவர்கள்

கம்மசந்திராவில் கோடிலிங்கக் கோயில் வாசலில் பூ விற்றுக்கொண்டிருந்தவள், பார்வதம்மா நீட்டிய காசை வாங்கவில்லை.

"இன்னாம்மா, இப்பதானே வாங்கிகினு போனீங்க? அதுக்குள்ள வாடிப்போச்சா?"

"நானா? நான் இப்பதான் ஆட்டோலேர்ந்து எறங்குறேன். சாமிக்கு ஒரு மொழம் குடும்மா."

பூக்காரி அவளை மேலும் கீழும் பார்த்தாள். "இதே மாம்பழக் கலரு பொடவ. வூட்டுக்காரரு கூட வந்தீங்க. கட்டம் போட்ட சட்ட. அவரேதான் ஒங்க தலைல வெச்சுவுட்டாரு."

பார்வதம்மாவின் கை தன்னையறியாமல் பின்தலைக்குப் போனது. வெறும் கொண்டை. போன மாசியில் கணவர் சம்பங்கி இறந்ததிலிருந்து அவள் பூ வைப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், எத்தனையோ மஞ்சள் புடவைகள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தொழிற்சாலையில் வெல்டராக இருந்தவர் சம்பங்கி. ஞாயிறு வந்தால் அசதி, இல்லாவிட்டால் ஓவர்டைம். "அடுத்த வாரம் போலாம் பார்வதி" என்றே வருஷங்கள் ஓடிவிட்டன. எங்கிருந்தெல்லாமோ பஸ் பிடித்து ஜனங்கள் வந்து பார்க்கும் இடங்களை, தங்கவயலிலேயே பிறந்து வளர்ந்த இவர்கள் இருவரும் சேர்ந்து பார்த்ததில்லை. பிள்ளைகளும் இல்லை. இன்று காலை எழுந்ததிலிருந்து தான் யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது சோறு வடிக்கும்போதுதான் உறைத்தது. அடுப்பை அணைத்துவிட்டு, தன் ஸ்கெலட்டன் லைன் குடியிருப்பிலேயே இருக்கும் ஆட்டோக்காரர் டைட்டஸுக்குப் போன் போட்டாள். எல்லா இடத்தையும் ஒரே நாளில் காட்டிவிடச் சொன்னாள்.

உள்ளே வெயிலில் காய்ந்த கல்லின் வாடையும், புளித்த பாலும் எண்ணெயும் கலந்த வாடையும், எங்கோ ஒரு குழந்தை விடாமல் அடித்துக்கொண்டிருந்த மணியின் ஓசையும் சேர்ந்து தலையைக் கிறுகிறுக்க வைத்தன. கண்ணுக்கெட்டிய மட்டும் வரிசை வரிசையாக லிங்கங்கள், பெரியதும் சிறியதுமாக, ஒவ்வொன்றின் நிழலும் பக்கத்தில் இருப்பதன்மேல் சாய்ந்து கிடக்க, நடுவே ஒற்றையாள் மட்டும் நுழையக்கூடிய சந்துகள். அப்படி ஒரு சந்தின் கோடியில் மாம்பழ நிற முந்தானை திரும்பி மறைந்தது. அதன் பின்னால் ஒரு கனைப்பு. இரண்டு முறை, பிறகு நிறுத்தி ஒரு முறை.

காலைக் காப்பிக்கு முன்னால் சம்பங்கி அப்படித்தான் கனைப்பார்.

அவள் சந்துக்குள் ஓடினாள். அங்கே யாருமில்லை. ஒரு லிங்கத்தின் மேல் மல்லிகைச் சரம் கிடந்தது. காற்றில் அவருடைய மூக்குப்பொடியின் நெடி. கூடவே சூடான இரும்பின் நெடி.

டைட்டஸின் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். "அடுத்தது பங்காரு திருப்பதிதானே? சீக்கிரம் போப்பா" என்று மட்டும் சொன்னாள்.

பங்காரு திருப்பதியில் செருப்பு பார்த்துக்கொள்ளும் கிழவர் அவளைக் கண்டதும் கையை விரித்தார்.

"ஒங்க செருப்பு இங்க இல்லியே தாயி. அப்பவே போட்டுகினு போயிட்டீங்களே. ஐயா கூட, நட நட, வெளிச்சம் பூடும்னு அவசரப்படுத்தினாரு."

பார்வதம்மா அவர் அருகே குனிந்தாள். "எங்க போறதா சொன்னாரு?"

"சைனைட் மலைன்னாரு." கிழவர் விசித்திரமாகப் பார்த்தார். "கூட இருந்தவங்க நீங்கதானே? என்னைக் கேக்கறீங்க?"

படியேறவில்லை. சாமி பார்க்கவில்லை. திரும்பி ஆட்டோவுக்கு வந்தாள். பயம் இருந்தது, நெஞ்சுக்குள் எலி பிறாண்டுவதுபோல இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக வேறொன்று இருந்தது. அவர் வந்திருக்கிறார். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வந்திருக்கிறார். யாரோ ஒருத்தி தன் முகத்தோடு, தன் இடத்தில், அவர் பக்கத்தில் நடக்கிறாள்.

"இன்னாக்கா, ஒடம்புக்கு முடியலியா? வூட்டுக்குப் போயிடலாமா?" என்றார் டைட்டஸ் கண்ணாடியில் பார்த்து.

"இல்ல. சைனைட் மலைக்கு வுடு."

சுரங்கத்திலிருந்து வந்த பாறையை அரைத்து, சைனைட் கலந்து தங்கத்தை எடுத்துக்கொண்டு, மிச்சப் பொடியைத் தலைமுறை தலைமுறையாகக் கொட்டிக் கொட்டி எழுந்த மலை அது. புல் முளைக்காது. சூரியன் விழுந்த பிறகும் தனக்கென்று ஒரு வெளிச்சம் இருப்பதுபோல வெளுத்துக் கிடந்தது. படம் எடுக்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப்போயிருந்தார்கள்.

"இருட்டப் போவுது. பாத்துட்டு சட்டுனு வந்துடுங்க. நான் இங்கியேதான் கீறேன்" என்றார் டைட்டஸ்.

மணலில் இரண்டு பேர் ஏறிப்போன தடம் இருந்தது. ஒன்று ஆண் செருப்பு. இடது கால் சற்று இழுத்திருந்தது, சம்பங்கி நடப்பதுபோலவே. மற்றது பெண் செருப்பு. பார்வதம்மா தன் செருப்பை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். விளிம்பு பிசகாமல் பொருந்தியது.

அந்தத் தடத்திலேயே கால் வைத்து ஏறினாள். ஒவ்வொரு அடிக்கும் பொடி சரசரவென்று சரிந்து, மறுபடியும் நிரம்பி மூடிக்கொள்ளும் ஓசை. பாலகாட் சுரங்கப் பக்கமிருந்து வந்த காற்று புடவையை இழுத்து இழுத்து விட்டது. வாயெல்லாம் மண், பல்லிடுக்கில் நறநறப்பு. மேலே பேச்சுக் குரல். அவர் குரல்தான். யாரோ ஒருத்தி சிரித்தாள்.

"ஏங்க!" என்று கூப்பிட்டாள். "நான்தாங்க! கொஞ்சம் நில்லுங்க!"

சிரிப்பு நின்றது.

உச்சிக்கு வந்தாள். யாருமில்லை. தடங்கள் அங்கே முடிந்திருந்தன. இறங்கிய தடம் எந்தப் பக்கமும் இல்லை.

கீழே ஆட்டோ கிளம்பும் சத்தம்.

பதறிப்போய் டைட்டஸுக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. டைட்டஸ் எடுத்தார்.

"டைட்டஸ்! நான் இன்னும் மேலதான் கீறேன். எங்க போற?"

பதில் அவளுக்கு வரவில்லை. அவர் வேறு யாரிடமோ பேசினார். "அக்கா, ஒங்க நம்பர்லேர்ந்தே போன் வருது. பேச்சு ஒண்ணும் கேக்கல. வெறும் காத்து."

"யாருய்யா அது?" சம்பங்கியின் குரல்.

பிறகு அவளுடைய குரல். நிதானமாக. சந்தோஷமாக.

"யாரோ தப்பா போட்டிருப்பாங்க. வெச்சுடு. வூட்டுக்குப் போலாம்."

துண்டிக்கப்பட்டது.

கத்தினாள். காற்று வாயில் மண்ணை அடைத்தது. ஆட்டோவின் சிவப்பு விளக்கு ஊரிகம் ரோட்டில் சின்னதாகி, திருப்பத்தில் அணைந்தது. இறங்கக் காலைத் தூக்கினாள். வரவில்லை. கணுக்கால் வரை பொடி. குளிர்ச்சி.

பின்னால் ஓர் இருமல்.

அவருடையது அல்ல.

திரும்பினாள். உச்சி முழுக்க ஆட்கள் நின்றிருந்தார்கள். முழங்கால் வரை புதைந்தவர்கள். இடுப்பு வரை புதைந்தவர்கள். கழுத்து மட்டும் தெரிந்தவர்கள். எல்லா முகமும் வெள்ளை. எல்லாக் கண்ணும் கீழே ரோட்டின் மேல். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை.

பக்கத்தில் நின்ற பெண் மட்டும், ரோட்டிலிருந்து கண் எடுக்காமலே, மணல் சரசரக்க, கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.