நின்னுக்கினே பாடு

புத்தூர் கல்யாண மண்டபத்தின் மாடி அறைக்குள் தேவசேனா நுழைந்தபோது பிற்பகல் வெயில் ஜன்னலோரம் கிடந்தது. சேர்ந்திசைக் குழுப் பெண்கள் வழக்கம்போல வரிசையாக நின்றிருந்தார்கள். அவளைக் கண்டதும் ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள்.

போன மாதம் இதே அறையில்தான், தறி நெய்துவிட்டுப் பாட வந்த அவளுடைய அக்கா ஸ்வர்ணலதா, நெஞ்சு வலிக்கிறது, கொஞ்சம் உட்காரட்டுமா என்று கேட்டாள். குழுவை நடத்தும் கமலக்கண்ணன் விடவில்லை. பாடப்போகும் திருப்பதி மேடையில் யாரும் நாற்காலி போடமாட்டார்கள் என்றார். நின்றபடியே பாடி, நின்ற இடத்திலேயே சாய்ந்தாள். நகரியிலிருந்த வீட்டுக்குப் பிணமாகத்தான் வந்தாள். சாவுக்கு எட்டிப் பார்க்காத மனிதர், காரியம் முடிந்ததும் தேவசேனாவுக்குப் போன் செய்து, அக்கா இடத்தில் பாட வரமுடியுமா என்று கேட்டார்.

வருகிறேன் என்றாள். பாடுவதற்கு அல்ல. அத்தனை பேர் முன்னால் அந்த ஆளை நாலு கேள்வி கேட்டுவிட்டுப் போவதற்கு.

அவள் வாயைத் திறக்குமுன், வரிசைக்கு எதிரே நின்ற கமலக்கண்ணன் கையை உயர்த்திவிட்டார். பாட்டு எழுந்தது. முதல் அடி முடிந்து அவர் விரல்களை மடக்கியதும் எல்லோரும் நிறுத்தினார்கள்.

ஒரு குரல் நிற்கவில்லை.

தாழ்ந்த, கனத்த பெண்குரல். தேவசேனாவின் இடப்பக்கம், யாருமே இல்லாத இடத்திலிருந்து வந்தது. கூடவே தறிநூலின் கஞ்சி வாடை.

"யாரும்மா அது? நிறுத்து," என்றார் கமலக்கண்ணன். குரல் கம்மியிருந்தது.

பாட்டு அடுத்த அடிக்குப் போனது.

தேவசேனாவுக்குப் பயம் வரவில்லை. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த கோபம்தான் வந்தது.

"எங்கக்காதான் சார். நின்னுக்கினே பாடச் சொன்னீங்களே. பாடிக்கினு இருக்குது. கேளுங்க."

அவர் நாற்காலியைப் பிடித்து உட்காரப் பார்த்தார்.

முழங்கால் மடங்கவில்லை.

உயர்த்திய கை இறங்கவுமில்லை.

"தேவசேனா... போதும்னு சொல்லும்மா."

அவள் சொல்லவில்லை.

பாட்டு முடிந்த கணத்தில் அவர் வெட்டிய மரம்போல விழுந்தார். பெண்கள் கீழே ஓடி, ஆட்டோக்காரர்களைக் கூட்டி வந்தார்கள். அவரைத் தூக்கிப்போன பிறகு தேவசேனா அறையைப் பூட்டிவிட்டு இறங்கினாள். வாசலில், குழுவில் மூத்தவளான வெங்கடலட்சுமி ஆட்டோவின் பக்கம் பார்த்தபடி உதட்டைப் பிதுக்கினாள்.

"உசுரு இல்லைடி."

மேலே, பூட்டிய அறைக்குள் பாட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கியது.

இந்த முறை அக்காவின் குரலோடு, மூச்சு வாங்கிக்கொண்டு ஓர் ஆண்குரலும்.