பன்னிரண்டு அடி

போட்டோவில் சோபா உறையின் தையல் நூல்கூடத் தெளிவாக விழுந்திருந்தது. அதன் மேல் உட்கார்ந்திருந்த மனைவி துர்கா மட்டும் கலங்கலாக இருந்தாள். முப்பத்தாறு படத்திலும் அப்படித்தான்.

ஹேமநாத் இயற்பியல் வாத்தியார். தப்பு தன்னுடையது என்று லேசில் ஒத்துக்கொள்கிற ரகமில்லை. தாம்பரத்தில் அந்தப் பழைய ஃபிலிம் கேமராவைப் பழுது பார்த்துக் கொடுத்த லோகநாதனைப் போனில் பிடித்தான்.

"கேமராவுல ஒரு மிஸ்டேக்கும் இல்ல சார். கேமராவுல கண்ணு வச்சிப் பாக்குற கண்ணாடி வழியா பாத்தா ஆளு ரெண்டா தெரிவாங்க. ரெண்டும் ஒண்ணா சேர்ற வரிக்கும் லென்ஸ் ரிங்கைத் திருப்பணும். அப்ப ரிங்குல எத்தினி அடின்னு கீதோ, ஆளு அத்தினி அடியில கீறாங்கன்னு அர்த்தம். அது பொய் சொல்லாது சார்."

ஞாயிறு மதியம் மறுபடி துர்காவை உட்கார வைத்தான். கரண்ட் போய் ஃபேன் நின்றிருந்தது. வண்டலூர் பூங்காவில் சிங்கம் ஒருமுறை உறுமி ஓய்ந்த பிறகு, பத்து நாளாக வீட்டை விட்டுப் போகாத அந்தப் பாசி வாடை மட்டும் ஹாலில் தங்கியது.

"சீக்கிரம் எடுங்க" என்றாள்.

ரிங்கைத் திருப்பினான். இரண்டு சோபாவும் ஒன்றாகச் சேர்ந்தன. ஆறு அடி. டேப் வைத்து அளந்ததும் அதேதான். ஆனால் துர்கா இன்னும் இரண்டாக இருந்தாள். மேலும் திருப்பினான். சோபா பிரிந்தது. துர்காக்கள் நெருங்கினார்கள். எட்டு. பத்து. சேர்ந்தார்கள்.

பன்னிரண்டு.

சோபா சுவரை ஒட்டிக் கிடந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், ஆறு அடி தள்ளி, தரைக்கடியில் கட்டிய தண்ணீர் சம்ப்தான் இருந்தது.

பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளை ஒரு கண்ணாடித் துண்டை நம்பிச் சந்தேகப்படுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

"ஒரு நிமிஷம், வந்துடறேன்."

பின்பக்கம் போனான். வெயில். ஈரமான இரும்பு மூடி. இரண்டு கையாலும் தூக்கினான்.

தண்ணீர் தெளிந்திருந்தது. அடியில் துர்கா. அண்ணாந்த முகம். திறந்த கண். ஒவ்வொரு இமை முடியும் தெரிந்தது.

"என்னங்க, அங்க என்ன பாக்குறீங்க?"

குரல் ஹாலிலிருந்து வந்தது. தண்ணீருக்குள் உதடுகள் அசைந்தன.