பின்வரிசைப் பதிவு

மூன்றாவது பாட்டு முடிந்து கைதட்டல் அடங்கும் இடத்தில் ஒரு சுழல் நாற்காலி கிறீச்சிட்டது. பெட்டகம் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடி ஓட்டிக் கேட்டார். அதே கிறீச். பன்னிரண்டு வருடத்துக்கு முன் திறந்த மைதானத்தில் நடந்த கச்சேரி அது. இவரும் போயிருந்தார். வந்த முந்நூறு பேரும் புல்தரையில்தான் உட்கார்ந்திருந்தார்கள். சுழல் நாற்காலிக்கு அங்கே என்ன வேலை?

பெட்டகம் என்பது ரசிகர்கள் வைத்த பெயர். அந்த நாட்டுப்புற இசைக்குழு ஸ்டுடியோ பக்கமே தலைவைத்துப் படுத்ததில்லை. மேடையில் பாடியதோடு சரி. அது காற்றோடு போய்விடக் கூடாதென்று இருபது வருடமாகக் குழுவின் பின்னாலேயே அலைந்து, பதிவு செய்து, இணையத்தில் இலவசமாகப் போட்டு வந்தவர் இவர். பழைய பாட்டின் வரி மறந்துபோனால் குழுவினரே இவருக்குத்தான் போன் போடுவார்கள். அந்தப் பெருமையில் மண்ணள்ளிப் போட வந்தவன் ஒல்லி.

எந்தக் கச்சேரிக்குப் போனாலும் இவருக்கு நேர் பின்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இவரைவிடப் பத்து வயது இளையவன். ஒரே மேடை, ஒரே தூரம். ஆனால் அவன் பதிவில் மேளத்தின் தோல் அதிர்வதுகூடக் கேட்கும், இவர் பதிவில் பக்கத்து ஆளின் தும்மல்தான் கேட்கும். "ஒல்லி அண்ணன் எடுத்தது இருக்கா?" என்று இவருடைய தளத்துக்கே வந்து கேட்டார்கள். பொறாமை என்று இவர் அதற்குப் பெயர் வைக்கவில்லை. வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

"சார், உங்க மூச்சு என் மைக்ல நல்லா விழுந்திருக்கு" என்று ஒருமுறை சிரித்தான். அன்று இவருக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு மாதம் முன்பு காய்ச்சலில் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. அவனுடைய அக்கா ஒரு டப்பா நிறைய மெமரி கார்டுகளோடு வந்தாள்.

"தம்பி பேரோட போட்டுடுங்கண்ணா. வேற ஒண்ணும் வேணாம்."

"இதை நீ சொல்லணுமாம்மா?" என்றார்.

பதிவு செய்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முதல் பாட்டுக்கு முன் தேதி, இடம், தன் முழுப்பெயர் மூன்றையும் தணிந்த குரலில் மைக்கில் சொல்லிவிட வேண்டும். பிறகு வாயே திறக்கக் கூடாது. பதிவு எத்தனை கை மாறினாலும் அந்தக் குரலை யாரும் வெட்டக் கூடாது. பெட்டகம் வெட்டினார். அவன் குரலைக் கேட்கக்கூடப் பிடிக்காமல், திரையில் தெரிந்த அலைக்கோட்டைப் பார்த்தே நறுக்கிவிட்டு, தன் குரலை ஒட்டினார். கார்டுகளை ஒன்று விடாமல் அழித்தார். பாராட்டு வந்து குவிந்தது. 'இத்தனை நாள் இதையெல்லாம் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க!' என்று ஒருவர் எழுதியதை நாலு தரம் படித்தார்.

இப்போது ஓடிக்கொண்டிருப்பது ஒல்லியின் கார்டுகளிலிருந்து கணினிக்கு ஏற்றியதில் கடைசிப் பதிவு. மதியம் மூன்று மணி. மாடியறையில் திரைச்சீலை இழுத்துவிட்டிருந்தது, சூடேறிய கம்பிகளின் வாடை அடித்தது, கீழே மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

நாலாவது பாட்டில் குழல் நின்று மூச்சு வாங்கும் இடைவெளியில், டக்... டக்... என்று ஏதோ தட்டியது. இந்தச் சத்தம் இவருக்குத் தெரியும். மேசை விசிறியின் இறக்கை ஒவ்வொரு சுற்றிலும் கூண்டுக் கம்பியில் உரசுகிற சத்தம். ஹெட்போன் வழியாக அறைச் சத்தம் கசிகிறது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு விசிறியை அணைக்கக் கையை நீட்டினார். விரல் இன்னும் பித்தானைத் தொடவில்லை. பதிவில் டக் நின்றுவிட்டது.

பிறகுதான் விசிறி நின்றது.

கணினியில் மைக் எதுவும் சொருகியிருக்கவில்லை. அப்படியானால் முதலில் கேட்ட கிறீச்சும் இவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிதான். குழு பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. அதற்கும் மேலே, மிக அருகில், ஒரு மூச்சு. தடித்த, லேசாகச் சளி கட்டிய மூச்சு. இவருடையது.

கண்ணை மூடிக் கேட்டால் மைக் எங்கே இருந்தது என்று சொல்லிவிடுவார். இருபது வருடப் பழக்கம். கேட்டார். மூச்சுக்கும் மைக்குக்கும் நடுவே ஒரு சாண். பின்பக்கம். பிடரி உயரம்.

எவ்வளவு சுத்தமான பதிவு. அந்த நிலையிலும் வயிறு எரிந்தது.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. பதிவில் மாடிப்படி ஏறும் மனைவியின் செருப்புச் சத்தம். கதவு. பிறகு இவர் மூச்சு ஒருமுறை. பாதி மூச்சு.

அதன்பின் இல்லை.

கைதட்டல்.

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தார். அவன் பெயரைச் சொல்லிவிடலாம். சொன்னால் போதும், விட்டுவிடுவான். "பதிவு செய்தது..." என்று தொடங்கினார்.

நிறுத்தினார்.

ஒல்லி. எல்லோருக்கும் ஒல்லி. அவன் உண்மைப் பெயர் என்ன? ஒருநாளும் கேட்டதில்லை. இவர் கையில் அது இருந்தது ஒரே இடத்தில். அதைத்தான் வெட்டினார்.

"ஒல்லி... தம்பி..." என்றார்.

சட்டைக் காலரில் ஒரு குளிர்ச்சி வந்து படிந்தது.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். இது பதிவில் இல்லை, நேரிலேயே கேட்டது. வராதே என்று கத்த வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

கதவு திறந்தது.

"ஏங்க, யார்கிட்ட..."

மனைவி இவரைப் பார்க்கவில்லை. இவருக்குப் பின்னால், தலைக்கு ஒரு சாண் மேலே பார்த்துக்கொண்டு நின்றாள்.