கை வைத்தால் அடங்கும்

கோலியனூரில் அந்த வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. மாதா கோயிலுக்குப் பின்னால், பச்சை கேட் போட்ட வீடு என்று ஜெகதீசன் அண்ணன் சொல்லியிருந்தார். வியாழக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. கூப்பிட்டதும் ரோஜா அக்கா வந்து கதவைத் திறந்தார். உள்ளே அப்போதுதான் அணைத்த மெழுகுவத்தியின் வாசனை.

நான் வந்தது அவருடைய கணவரின் பேஸ் கிட்டாரை வாங்கிப் போக.

புகழேந்தி அண்ணன், ஜெகதீசனின் கச்சேரிக் குழுவில் பன்னிரண்டு வருஷம் பேஸ் வாசித்தவர். ஜனவரி மாதம் திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மேடையிலேயே விழுந்து இறந்துபோனார். மாரடைப்பு என்றார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே மண்டபத்தில் பகல் கச்சேரி. ஒழுங்காக வாசித்தால் அவர் இடம் எனக்கு நிரந்தரம் என்று ஜெகதீசன் சொல்லியிருந்தார். அந்த வார்த்தைக்காக நான் ஏழு வருஷம் காத்திருந்தேன். பிழைப்புக்கு விழுப்புரத்தில் செல்போன் ரிப்பேர் செய்கிறேன். பேஸ் வாசிப்பவனை மேடையில் யாரும் பார்ப்பதில்லை. "இதுல சத்தமே வரலியேப்பா" என்று கல்யாண வீட்டார் கேட்டுவிட்டுப் போவார்கள். அப்படியும் அதைத்தான் வாசிப்பேன் என்று ஒருவன் நின்றால் அவனைத் திருத்த முடியாது.

"எட்த்துக்கினு போங்க தம்பி. செவுத்துல மாட்டி வச்சிப் பாக்க முடியல" என்றார் அக்கா. "கம்பிய மட்டும் மாத்தாதீங்க. பழைய கம்பிலதான் வயித்துல எறங்குற சத்தம் வரும்னு சொல்வாரு."

அது உண்மைதான். புதுக் கம்பி கணகணவென்று கத்தும்.

"ஆம்ப்ல மாட்டினா உம்முனு ஒரு இரைச்சல் வரும். கை வச்சா அடங்கிடும். அவரு இருந்த வரைக்கும் இந்த வீடே உம்முனுதான் இருக்கும்."

எனக்கும் தெரியும். இந்த மாதிரிப் பழைய பேஸ்கள் எல்லாமே அப்படித்தான். ஆம்ப்ளிஃபயரில் மாட்டிச் சும்மா வைத்திருந்தால் இரையும். வாசிப்பவன் கம்பியில் கை வைத்தால் அந்த இரைச்சல் அவன் உடம்பு வழியாக இறங்கி அடங்கிவிடும்.

கேட் வரை வந்த அக்கா தயங்கினார்.

"தம்பி, கம்பி அழுத்தி அழுத்தி வெரல் காச்சிப்போவும் இல்ல, அது கறுப்பா ஆவுமா?"

"கறுப்பா ஆவாதுக்கா. ஏன்?"

"அவரு எடது கையில நாலு வெரல் நுனியிலயும் கறுப்பா ஒரு கோடு இருந்துச்சி. ஒதட்டுலயும். கம்பி பட்ட காயம்னு ஜெகதீசன் சொன்னாரு."

உதட்டால் யாரும் பேஸ் வாசிப்பதில்லை.

இதை நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஞாயிற்றுக்கிழமைதான் பெரிதாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு பைக்கைக் கிளப்பினேன்.

சாயங்காலம் வீட்டில் என் சின்ன ஆம்பில் மாட்டினேன். உம் என்று இரைந்தது. கை வைத்தேன், அடங்கியது. நாலு கம்பியும் அடி வயிற்றில் பேசின. கிட்டாரை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனேன். என் மனைவி அருணா அங்கே தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். பின்னால் கூடத்தில் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது.

சட்டென்று நின்றது.

எட்டிப் பார்த்தேன். ஆம்பில் சிவப்பு விளக்கு எரிந்தது. ஒயர் மாட்டியபடி இருந்தது. கிட்டார் பக்கத்தில் யாருமில்லை. நான் கூடத்துக்குள் கால் வைத்ததும் இரைச்சல் திரும்ப வந்தது.

லூஸ் கனெக்‌ஷன் என்று தோன்றாதவன் ரிப்பேர்காரனே இல்லை. பிரித்தேன். சாலிடர் எல்லாம் கெட்டியாக இருந்தது. பிறகு அருணாவைச் சந்தேகப்பட்டேன். பூனையைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் எங்கள் வாட்ஸப் குழுவில் கேட்டேன். 'நாலு கம்பி' என்று பெயர். விழுப்புரம், திண்டிவனம், கோட்டக்குப்பம் என்று இருபது பேர், விரலால் வாசிப்பதா பிக் வைத்து வாசிப்பதா என்று மூன்று வருஷமாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். திண்டிவனம் விருத்தாசலம் மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பினார். சர்ச்சில் வாசிப்பவர், அதிகம் பேசாதவர்.

"அது புகழ் பேஸா? அன்னிக்கு நான் மண்டபத்துல இருந்தேன். இரைச்சல் தாங்கல. ஜெகதீசன் ஆம்புக்குப் பின்னால போய் என்னமோ பண்ணாரு. நின்னுடுச்சி. அடுத்த பாட்டுலதான் புகழ் வுழுந்தாரு."

பதில் எழுதுவதற்குள் அந்தச் செய்தி அழிக்கப்பட்டிருந்தது. போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கே திண்டிவனம் மண்டபத்தில் இருந்தேன். பந்தியில் சாம்பார் மணம், வாசலில் சந்தனம். ஜெகதீசன் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளை ஜிப்பா, நெற்றியில் குங்குமம்.

"ஒன் பொம்மை ஆம்ப்ல்லாம் வேணாம் முருகா. நம்ம பெருச எடுத்து வச்சிருக்கேன் பாரு."

கறுப்புப் பெட்டி, முனையெல்லாம் தேய்ந்திருந்தது. புகழேந்தி அண்ணன் வாசித்த ஆம்ப். கிட்டாரை அதில் மாட்டி ஸ்டாண்டில் நிறுத்தினேன். உம் என்று இரைந்தது. ஜெகதீசன் குழுவில் பேஸ் வாசிப்பவன்தான் பின்பாட்டும் பாட வேண்டும். மைக்கை உதட்டுக்கு நேராக இழுத்து வைத்துக்கொண்டு, இடது கையைக் கிட்டாரை நோக்கி நீட்டினேன்.

இரைச்சல் நின்றது.

நான் இன்னும் தொடவில்லை.

கையை இழுத்தேன். இரைந்தது. மறுபடி நீட்டினேன்.

நின்றது.

நான் தொட வரும்போதெல்லாம் எனக்கு முன்னால் இன்னொரு கை அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. பகல் வெளிச்சம், மேடை முழுக்கச் சாமந்தி, கீழே குழந்தைகள் ஓடுகிறார்கள். அப்போதுதான் ரோஜா அக்கா சொன்ன நாலு கோடும் நினைவுக்கு வந்தன.

சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் இருக்கும். அதன் முனையைத் தடித்த கம்பியில் வைத்தேன்.

பளிச்சென்று எரிந்தது.

கம்பியில் கரண்ட். கையில் கம்பியும் உதட்டில் மைக்குமாக நின்றிருந்தால், நான் என்ன ஆகியிருப்பேன் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆம்பின் கரண்ட் ப்ளக்கைப் பிடுங்கினேன். திருகிப் பிரித்தேன். எர்த்துக்கான பச்சை ஒயர் வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய முனையில் கறுப்பு டேப் அழகாகச் சுற்றியிருந்தது. இரைச்சலை நிறுத்த அவசரக்காரர்கள் செய்கிற வேலை. எர்த்தை வெட்டினால் ஆம்பிலிருந்து வருகிற பெரிய இரைச்சல் போகும், கிட்டாரின் உம் மட்டும் மிஞ்சும். ஆம்பில் எங்காவது கரண்ட் கசிந்தால் ஆளும் போவான்.

நிமிர்ந்தேன். ஜெகதீசன் பக்கத்தில் நின்று என் கையில் இருந்த ப்ளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டரே ஹார்ட் அட்டாக்னுதான் சொன்னாரு" என்றார் மெதுவாக.

"ஏண்ணா இத்த திரும்ப மாட்டல? இன்னிக்கு எனக்கும் இதையே குடுத்திருக்கீங்களே?"

"அத மாட்டினா நான்தான் பண்ணேன்னு நானே ஒத்துக்கின மாரி ஆயிடும் முருகா. ஒண்ணும் இல்லன்னு நம்பிக்கினு இருந்தேன்." அவர் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டார். "யார்கிட்டயும் சொல்லாத. எடம் ஒனக்குத்தான். இன்னியிலேந்தே."

நான் என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த ஆம்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, கிட்டாரை நேராகச் சவுண்ட் மிக்ஸரில் மாட்டி, இரண்டு மணி நேரம் வாசித்தேன். நன்றாகவே வாசித்தேன். பாடகி கலைப்பிரியா திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஒயரோடு வெட்டி எடுத்த ப்ளக் மட்டும் என் சட்டைப் பையில் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில், என் ஆம்பில், நல்ல எர்த்தில் மாட்டினேன். டெஸ்டர் எரியவில்லை. உம் என்று இரைந்தது.

கை வைத்தேன்.

அடங்கவில்லை.

உள்ளங்கையை நாலு கம்பியிலும் அழுத்தினேன். இரைச்சல் கூடியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"கம்பில கைய வைங்களேன், காது வலிக்குது!" என்று அருணா உள்ளேயிருந்து கத்தினாள்.

"வச்சிக்கினுதான் இருக்கேன்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மறுநாள் காலை கடையைத் திறக்காமல் கிட்டாரையும் என் சின்ன ஆம்பையும் பைக்கில் கட்டிக்கொண்டு கோலியனூர் போனேன். ரோஜா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், நான் வாய் மூடிக்கொண்டு வாசித்ததையும் சேர்த்து. அவர் ப்ளக்கை வாங்கி, வெட்டுப்பட்ட பச்சை ஒயரை விரலால் தடவிப் பார்த்தார். அழவில்லை.

"சாவுக்கு வந்து என் கையப் புடிச்சிக்கினு அழுதாரு தம்பி அந்த ஜெகதீசன்."

அக்கா கிட்டாரைக் கைகாட்டினார்.

"அத ஒரு தபா போடுங்க. அந்தச் சத்தத்தக் கேக்கணும்."

கிட்டாரை நாற்காலியில் சாய்த்து வைத்து ஆம்பைப் போட்டேன். உம் என்ற இரைச்சல் கூடம் முழுக்க நிறைந்தது. அக்கா எதிரில் தரையில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் நான் வாசற்படிக்கு வந்துவிட்டேன்.

"ஸ்டேஷனுக்கு வந்து இத்த சொல்வீங்களா தம்பி?" கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

சொன்னால் அந்த இடம் போகும். இந்தப் பக்கத்தில் எந்தக் குழுவும் என்னைக் கூப்பிடாது. ஏழு வருஷம்.

"சொல்றேன்க்கா."

இரைச்சல் அடங்கியது.

ஆம்பில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தெருவில் ஒரு பால்காரர் மணியடித்துக்கொண்டு போனார். அக்கா கண்ணை மூடியபடியே லேசாக முகம் சுளித்தார்.

"கைய எடுங்க தம்பி. இன்னும் கொஞ்ச நேரம் கேக்கணும்."

நான் வாசற்படியில்தான் நின்றுகொண்டிருந்தேன்.